எங்கட வன்னி எம்.பி.: ரிஷாட் பதியுதீனை எப்படி வாசிப்பது?

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தல். அன்றிரவு விடுதியில் ஒருத்தரும் நித்திரை கொள்ளவில்லை. ஒரு போனைச் சுற்றி ஆறு பேர் இருந்து முடிவு பார்த்துக்கொண்டிருந்தோம். வன்னி மாவட்ட முடிவு வந்தது. மொத்தம் ஆறு ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, மிச்ச நாலும் நாலு கட்சிக்கு ஒவ்வொன்றாகப் போயிருந்தது. அதில் ஐக்கிய மக்கள் சக்தியின் ஒரே ஆசனம் ரிஷாட் பதியுதீனுக்கு.

"உந்தாள் இன்னும் இருக்கிறாரே?" எண்டு எங்களில் ஒருத்தி கேட்டாள். அதே நேரம் கட்டிலில் இருந்த மன்னார்த் தோழி "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி வன்னி மண்தான், ஆனால் வாக்குப் போடுவது யாழ்ப்பாண மாவட்டத்துக்கு. அதனால் எங்களில் கிளிநொச்சிக்காரிக்கு ரிஷாட் ஒருநாளும் "எங்கட எம்.பி." ஆக இருந்ததில்லை. மற்ற எங்களுக்கு எண்ணத் தெரிந்த நாளில் இருந்து அவர்தான் எம்.பி., கனகாலம் அவர்தான் அமைச்சர்.

அவரைப் பற்றி மூன்று விதமான கதை ஓடுகிறது. தெற்கில் சிங்களப் பத்திரிகைகளைக் கேட்டால் அவர் இஸ்லாமியத் தீவிரவாதத்துக்கு நிழல் கொடுத்தவர், வில்பத்துக் காட்டை அழித்தவர். எங்கட ஊர்ப்பக்கம் கேட்டால் காணி பிடிக்கிறவர், தன்ர ஆக்களுக்கு மட்டும் செய்யிறவர். புத்தளத்தில் இருக்கும் வடக்கு முஸ்லிம் குடும்பத்தில் கேட்டால் எங்களை ஊருக்குத் திருப்பிக் கூட்டிவந்த மனுசன். மூன்றிலும் ஆள் ஒன்று. அவர் 1990இல் மன்னாரில் இருந்து துரத்தப்பட்ட பதின்ம வயதுப் பெடியன் என்பதை முதல் இரண்டு கதையும் சொல்லுவதில்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மொத்தம் 75,000 பேர் அளவில் என்று பெரும்பாலான பதிவுகள் சொல்லுகின்றன. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள் என்பது கொஞ்சம் தெரிந்த கதை. மன்னார்த் தீவில் சில நாள் தவணை கொடுத்து, சனம் கடற்கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்து கற்பிட்டிக்குப் போனது. முசலிப் பக்கத்தார் தெற்கே காட்டுவழியாகப் புத்தளம் போனார்கள். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆக்களும் போனார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா தண்ணீரூற்றுக்குப் பக்கத்தில் இருந்தவ. "மாடுகளை எங்களிட்டத் தந்திட்டுப் போச்சினம். திரும்பி வருவம் எண்டுதான் போச்சினம்" எண்டு சொல்லுவா. அதுக்கு மேல் சொல்லமாட்டா. பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருசம் வரலாறு படித்தோம், இது ஒரு வரியாகக்கூட எங்களுக்கு வரவில்லை. கம்பஸ் வந்து, புத்தளத்தில் பிறந்த "மன்னார்க்காரி" ஒருத்தியோடு அறையைப் பகிர்ந்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

ரிஷாட் பிறந்தது 1972இல். வெளியேற்றம் நடந்தபோது பதினெட்டு வயது நிரம்பவில்லை. புத்தளம் அகதி முகாம்களில் இருந்துதான் அவருடைய அரசியல் தொடங்குகிறது. அந்த முகாம்களில் ஒரு வாக்கு வங்கி இருந்தது. ஆக்கள் வாழுவது புத்தளத்தில், வாக்குப் பதிவு மன்னாரில். அவர்களை யார் ஒன்றாகச் சேர்க்கிறாரோ அவர் வன்னியில் வெல்லலாம். 2004இல் வன்னியின் ஆறு ஆசனத்தில் ஐந்தைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எடுத்தது. மிச்ச ஒன்று ரிஷாட்டுக்கு. அப்போது அவர் ரவூப் ஹக்கீமின் முஸ்லிம் காங்கிரஸ் ஆள், ஐக்கிய தேசியக் கட்சிக் கூட்டணிப் பட்டியலில் நின்றவர். கொஞ்சக் காலத்தில் அங்கிருந்து பிரிந்து அரசாங்கப் பக்கம் போனார். அமீர் அலி போன்றவர்களோடு சேர்ந்து அகில இலங்கை முஸ்லிம் காங்கிரசை உண்டாக்கினார். பிற்காலத்தில் பெயரில் இருந்த "முஸ்லிம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "மக்கள்" என்று வைத்தார்கள்.

அந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றிச் சிரிக்கலாம். ஆனால் "இஸ்லாமியவாதி" என்ற பட்டத்தைப் பற்றிக் கதைக்க அது உதவும். இஸ்லாமியவாதம் என்று அரசியல் விஞ்ஞானத்தில் சொல்லுவது 1928இல் எகிப்தில் ஹசன் அல்-பன்னா தொடங்கிய முஸ்லிம் சகோதரத்துவம், 1941இல் லாகூரில் மௌதூதி தொடங்கிய ஜமாஅத்தே இஸ்லாமி போன்ற இயக்கங்களின் கொள்கையை. அரசும் சட்டமும் மார்க்கத்தின்படி அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. இலங்கையின் முஸ்லிம் கட்சிகள் அந்த வழியில் பிறந்தவை அல்ல. 1981இல் காத்தான்குடியில் தொடங்கி, அஷ்ரஃப் தலைமையில் 1980களின் பிற்பகுதியில் தேசியக் கட்சியாக வளர்ந்த முஸ்லிம் காங்கிரஸ் மேடையில் குர்ஆனைச் சொன்னது உண்மை. அதன் உள்சபைக்கு மஜ்லிஸ் ஷூரா என்று பெயர் வைத்ததும் உண்மை. கேட்டது என்னவோ கிழக்கில் முஸ்லிம்களுக்கு ஓர் அதிகார அலகு, துறைமுகம், பல்கலைக்கழகம், அமைச்சு. தமிழரசுக் கட்சி செய்த அரசியலின் உறவுக்கார அரசியல்தான் அது. ரிஷாட்டின் கட்சி அதன் கிளை. அவருடைய இருபது வருசத்துக்கு மேலான அரசியலில் ஷரீஆ ஆட்சி கேட்டதாக ஓரிடத்திலும் நாங்கள் காணவில்லை. காணி, வீடு, வேலை, பதவி என்பவற்றைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறோம். குறை சொல்ல வேண்டியது இருந்தால் அங்கேதான் இருக்கிறது.

இப்ப 2009க்கு வருவம். இதை எழுதத்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

2007இல் மகிந்த ராஜபக்ச அரசில் ரிஷாட் மீள்குடியேற்ற, அனர்த்த நிவாரண சேவைகள் அமைச்சரானார். 2010 வரை அந்தப் பதவியில் இருந்தார். அதாவது, புதுமாத்தளனில் இருந்து வெளியே வந்த எங்கட சனம் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாமில் அடைக்கப்பட்டபோது, "மீள்குடியேற்றம்" என்ற சொல்லைத் தன் பெயர்ப்பலகையில் வைத்திருந்த அமைச்சர் அவர். எல்லா முகாம்களிலும் சேர்த்து இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் ஆக்கள். 2009 டிசம்பர் வரைக்கும் சுதந்திரமாக வெளியே போக விடவில்லை. கடைசிக் குடும்பங்கள் வெளியேறி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

எங்களில் மூன்று பேர் ஐந்து, ஆறு வயதில் அங்கே இருந்தவர்கள். வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில்தான் இப்ப எங்கட பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலாம் வருசத்தில் விரிவுரையாளர் அந்தப் பெயரைச் சொன்னபோது எங்களில் ஒருத்திக்கு மனதில் வந்தது தறப்பாளும் தண்ணி ராங்கும் வரிசையும். "சேர் பொன்" என்று ஒரு மனுசன் இருந்தது அவளுக்கு அதுக்குப் பிறகுதான் தெரியும்.

இந்தக் கட்டுரைக்காக அம்மாக்களிடம் கேட்டோம், "அப்ப அமைச்சர் ஆர் எண்டு தெரியுமோ?" ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆமி தெரியும், ஜி.எஸ். தெரியும், கூப்பன் கொடுத்த நிறுவனங்களின் பெயர்கள் இன்றைக்கும் பாடம். அமைச்சர் என்று ஒருவர் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அது தற்செயல் இல்லை. முகாம்களுக்குப் பொறுப்பாக ஓர் இராணுவ அதிகாரி நியமிக்கப்பட்டிருந்தார். வடக்கின் மீள்குடியேற்றத்தையும் அபிவிருத்தியையும் பசில் ராஜபக்ச தலைமையிலான ஜனாதிபதி செயலணி கையில் வைத்திருந்தது. அமைச்சரிடம் இருந்த அதிகாரம் சின்னது. தோழி இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "அவர் என்ன செய்யேலும்? அவர் சொல்லி ஆமி கேக்குமா?"

கேக்காது. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் அமைச்சுப் பதவியில் இருந்துகொண்டே இருந்தார், அரசாங்கத்துக்காகக் கதைத்தார், 2010 தேர்தலுக்குப் பிறகு கைத்தொழில், வணிக அமைச்சும் கிடைத்தது. முகாமில் வளர்ந்த ஒருத்தர் முகாமின் அமைச்சராக இருந்தபோது முள்ளுக்கம்பியைப் பற்றி என்ன நினைத்தார்? இந்தக் கேள்வியை இன்றுவரை ஒரு நீதிமன்றமும் ஒரு தெரிவுக்குழுவும் அவரிடம் கேட்கவில்லை. எங்கட கட்சிகளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உடனே 1990ஐப் பற்றித் திருப்பிக் கேட்டிருப்பார், அதுக்குப் பதில் சொல்ல எங்கட தலைவர்கள் ஆயத்தமாக இல்லை. 2002 ஏப்ரலில் ஹக்கீம் கிளிநொச்சிக்கு வந்து பிரபாகரனைச் சந்தித்து ஓர் உடன்பாடு எழுதினார்கள், முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்று. காகிதத்தில் இருந்தது. பெரும்பாலான சனம் திரும்பத் தொடங்கியது 2009க்குப் பிறகு, அதுவும் வென்ற அரசாங்கத்தின் அமைச்சர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு. தமிழர் பார்வையில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லவே தேவையில்லை.

2012 ஜூலையில் மன்னாரில் அது வெடித்தது. நகரில் கோந்தைப்பிட்டி என்ற ஓர் இறங்குதுறை. யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்த விடத்தல்தீவுத் தமிழ் மீனவர்கள் அதைப் பாவித்து வந்தார்கள். 1990இல் துரத்தப்பட்டுத் திரும்பி வந்த உப்புக்குளம் முஸ்லிம் மீனவர்கள் அது தங்கட துறை என்றார்கள். வடிவாகப் பார்த்தால் இரண்டு அகதிக் கூட்டம், ஒரு கரை. வழக்கு மன்னார் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 18 அன்று ஆர்ப்பாட்டக்காரர் நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்தார்கள். அமைச்சர் ரிஷாட் தன்னைத் தொலைபேசியில் மிரட்டினார் என்று நீதவான் முறையிட்டார். நாடு முழுவதும் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் தொடரப்பட்டது. ரிஷாட் மறுத்தார்.

ஓர் அமைச்சர் மேல் ஒரு நீதவான் இப்படி முறையிடுவதே பாரதூரமான விசயம், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தக் கரையில் இரண்டு ஊர் மீனவரையும் இருத்திக் கதைத்துத் தீர்க்க ஒரு தமிழ் எம்.பி.யோ ஒரு முஸ்லிம் எம்.பி.யோ முன்வந்ததாக நாங்கள் வாசிக்கவில்லை. அவரவர் தங்கட ஆக்களின் பக்கம் நின்றார்கள். அது வாக்குக்கு நல்லது.

வில்பத்துக் கதையும் அதே மாதிரித்தான் தொடங்குகிறது, பிறகு பெரிதாகிவிட்டது. முசலி தெற்கில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி என்று பழைய முஸ்லிம் ஊர்கள். இவை வில்பத்துத் தேசியப் பூங்காவின் வடக்கு எல்லைக்கு வெளியே இருக்கின்றன, பூங்காவுக்கு உள்ளே இல்லை. இருபது வருசம் ஆளில்லாமல் இருந்த ஊரில் காடு ஏறாமல் என்ன செய்யும்? 2012இல் வனத் திணைக்களம் அந்தப் பகுதிகளை ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் அறிவித்தது. ஊர்ச்சனத்தைக் கேட்கவில்லை. 2017 மார்ச்சில் ஜனாதிபதி சிறிசேன ரஷ்யாவுக்குப் போன இடத்தில் இருந்து மாவில்லு பேணற்காடு என்று 40,030 ஹெக்டயரை அறிவிக்கும் வர்த்தமானியில் கையெழுத்து வைத்தார். மறிச்சுக்கட்டியில் சனம் கிழமைக்கணக்கில் வீதியில் இருந்து போராடியது. கேப்பாப்பிலவில் எங்கட சனம் ஆமியிடம் காணி கேட்டு வீதியில் இருந்ததும் அதே வருசம், அதே மாதங்கள். இரண்டு போராட்டமும் ஒன்றையொன்று போய்ப் பார்க்கவில்லை.

அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், பழைய ஊர்க்காணியோடு புதுக்காடும் வெட்டப்பட்டது. குடும்பங்கள் இருபது வருசத்தில் பெருகியிருந்தன, பழைய வளவு காணாது என்பது ஒரு நியாயம். ஆனால் அந்த நியாயத்தைச் சட்டப்படி வாதிட்டு எடுக்க வேண்டிய அமைச்சர், அதிகாரத்தைப் பாவித்துச் செய்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு காட்டுப்பகுதியில் நடந்த குடியேற்றம் சட்டவிரோதம் என்றும், ரிஷாட் தன் சொந்தச் செலவில் அங்கே மரம் நட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சூழலியல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கு அது. அமைச்சர் ஒருவரைப் பார்த்து "நீயே காசு போட்டு மரம் நடு" என்று நீதிமன்றம் சொல்லுவது இந்த நாட்டில் அபூர்வம். மகாவலி எல் வலயத்தில் முல்லைத்தீவுக் காடு வெட்டிச் சிங்களக் குடியேற்றம் நடந்தபோது எந்த அமைச்சர் மரம் நட்டார் என்று கேட்கத் தோன்றும். கேளுங்கோ. ஆனால் அந்தக் கேள்வி ரிஷாட்டின் தீர்ப்பை அழிக்காது. முல்லைத்தீவு கூழாமுறிப்பில் முஸ்லிம் குடும்பங்களுக்கு என்று காட்டை வெட்டப் போனபோது எங்கட இளைஞர்கள் மறித்தார்கள். அதில் நின்ற ஒரு அண்ணாவிடம் கதைத்தோம். "காடு எண்டுதான் நிண்டனாங்கள்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்கட ஆக்களுக்கு எண்டா நிண்டிருப்பமோ தெரியேல்ல" என்றார். அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி.

2014 ஏப்ரலில் பொதுபல சேனா பிக்குமார் ரிஷாட்டின் அமைச்சுக்குள்ளேயே புகுந்து தேடினார்கள். ஜூனில் அளுத்கம எரிந்தது. டிசம்பர் 22 அன்று அவர் மகிந்தவை விட்டு மைத்திரியிடம் போனார். அமைச்சு மட்டும் மாறவில்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. 260க்கு மேற்பட்ட உயிர்கள். அதுக்குப் பிறகு ரிஷாட் மேல் சொல்லப்பட்டவை கனக்க. தடுத்து வைக்கப்பட்ட ஒருவரைப் பற்றி அவர் தன்னிடம் மூன்று முறை தொலைபேசியில் கேட்டார் என்று அப்போதைய இராணுவத் தளபதி மகேஷ் சேனாநாயக்க சொன்னார். விசாரித்தேனே தவிர அழுத்தம் கொடுக்கவில்லை என்றார் ரிஷாட். மே 31 அன்று அத்துரலியே ரதன தேரர் கண்டி தலதா மாளிகைக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தார். ஹிஸ்புல்லா, அசாத் சாலி, ரிஷாட் மூன்று பேரையும் நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஜூன் 3 அன்று இரண்டு ஆளுநர்களும் பதவி விலகினார்கள், முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒன்றாக விலகினார்கள். ஜூலை கடைசியில் ரிஷாட் திரும்ப அமைச்சர்.

கோட்டாபய வந்த பிறகு கைது. 2020 ஒக்டோபரில் ஒன்று, அதைக் கடைசியில் சொல்லுகிறோம். 2021 ஏப்ரல் 24 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரும் தம்பியும் கைதானார்கள். குற்றப்பத்திரம் இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே. ஒக்டோபரில் பிணை. 2022 நவம்பரில், குண்டுத் தாக்குதலோடு அவரைச் சேர்க்க ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. அந்தச் சட்டத்தில் எங்கட எத்தனை அண்ணாமார் எத்தனை வருசம் உள்ளே இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அவருக்கு அது பாவிக்கப்பட்டபோது "நல்லா வேணும்" என்று சொன்ன தமிழ் முகநூல்காரரைப் பார்த்து வெட்கப்பட்டோம். அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் நீடிக்க வாக்களித்த நாடாளுமன்றங்களில் அவரும் அரசாங்கப் பக்கம் இருந்தவர் என்பதையும் மறக்கவில்லை.

அவர் உள்ளே இருந்த காலத்தில், 2021 ஜூலையில், அவருடைய கொழும்பு வீட்டில் வேலை செய்த 16 வயது மலையகச் சிறுமி ஒருவர் தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தார். மனைவி உட்பட வீட்டார் கைதானார்கள், அவரும் சந்தேகநபராகச் சேர்க்கப்பட்டார். இனம், மதம், காணி என்று இவ்வளவு நேரம் கதைத்ததில் அந்தப் பிள்ளைக்கு இடமே இல்லை. கொழும்பில் பெரிய வீடுகளின் குசினிகளில் மலையகப் பிள்ளைகள் நிற்பது எல்லா இனத்து எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் நடக்கிறது. எங்கட யாழ்ப்பாண வீடுகளிலும்.

கடைசியாகச் சொல்லுவம் என்ற 2020 கைது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் புத்தளத்தில் இருந்த வடக்கு முஸ்லிம் வாக்காளரை மன்னாருக்குக் கொண்டுபோக 222 இ.போ.ச. பஸ்களுக்கு அரசாங்கக் காசு 95 லட்சம் பாவித்தார் என்பது குற்றச்சாட்டு. அரசாங்கக் காசைத் தேர்தலுக்குப் பாவிக்கக்கூடாது, சரி. அந்தத் தேர்தல் அன்று விடிய அப்படிப் போன பஸ்களுக்கு அநுராதபுரம் தந்திரிமலைப் பக்கம் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். தோழியின் உம்மா அன்று ஒரு பஸ்ஸில் போனவ. சீற்றுக்குக் கீழே குனிந்து இருந்ததாம். வெளியேற்றப்பட்டு 29 வருசம் கழித்து, சொந்த ஊரில் வாக்குப் போட இப்படிப் போக வேண்டி இருந்திருக்கிறது.

முடிவு பார்த்த அந்த இரவு, கதைக்காமல் இருந்து களைத்த பிறகு, எங்களில் ஒருத்தி அவளைக் கேட்டாள். "இந்த முறை உம்மா வாக்குப் போடப் போனவவோ?"

"போனவ."

"எப்பிடி?"

"பஸ்ஸிலதான். ரிக்கற் எடுத்து."

பிறகு அவள் திருப்பிக் கேட்டாள், "உங்கட அம்மம்மாட்ட இருந்த அந்த மாடுகள் என்ன ஆச்சு?" எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனால் கேட்க வேண்டும்.